லினக்ஸின் கெட்டென்ட்ஸ்64: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

பத்து லட்சம் கோப்புகள் கிடக்கும் ஃபோல்டரில், பட்டியல் காட்டும் எல்எஸ் கட்டளையைக் கொடுத்தால் டெர்மினல் அப்படியே உறைந்துவிடும். பழி உடனே லினக்ஸின் மையப் பகுதியான கர்னல்மேல், அதாவது கோப்பகத்தைப் படித்துத் தரும் கெட்டென்ட்ஸ்64 அழைப்பின்மேல் விழும். நீண்ட நாள் புழங்கிப் பார்த்தால், அது பாவம். நேரத்தைத் தின்பது பெரும்பாலும் அதற்குப் பிறகு நடக்கும் வேலைதான்.

நிரல் கர்னலுக்கு விடுக்கும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டுப் பாருங்கள். ஒரு கெட்டென்ட்ஸ்64 அழைப்பு வரும். பிறகு அது தந்த கோப்புகளுக்கு, கோப்புக்கு ஒன்றாக ஸ்டாட் (கோப்பின் விவரம் கேட்கும்) அழைப்புகள் கொட்டும்; இப்படியே மாறி மாறிப் போகும். பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் (லினக்ஸ் தொகுப்புகளில்) எல்எஸ் என்பதே வண்ணம் சேர்த்த அலியாஸ், அதாவது மாற்றுப்பெயர். எக்ஸிக்யூட்டபிளுக்கு (இயக்கக்கூடிய கோப்புக்கு)ப் பச்சை பூச வேண்டுமென்றால் அனுமதி பிட்டைப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் இத்தனை ஸ்டாட். போதாததற்கு அகரவரிசைப்படுத்த எல்லாப் பெயர்களும் நினைவகத்துக்கு வந்தாக வேண்டும். முன்னால் பின்சாய்கோடு போட்டு அலியாஸைத் தவிர்த்து, -1யு (பெரிய எழுத்து யு; வரிசைப்படுத்தாதே என்று பொருள்) கொடுங்கள்; பெயர்கள் உடனே ஓடத் தொடங்கும். அந்த 1 முக்கியம். நெடுவரிசையாக அடுக்குவதென்றால் அகலம் கணக்கிட மறுபடியும் எல்லாப் பெயர்களுக்கும் காத்திருக்கும்.

அழைப்பின் வடிவம் எளிது: திறந்த கோப்பகத்தின் டிஸ்கிரிப்டர் (அதைக் குறிக்கும் எண்), ஒரு பஃபர் (விடையை நிரப்பும் நினைவகப் பகுதி), அதன் அளவு. திரும்பி வருவது எத்தனை பைட் நிரம்பியது என்ற கணக்கு. எத்தனை கோப்பு என்பதல்ல. புதிதாக எழுதுபவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது. 0 வந்தால் முடிந்தது. பஃபரில் ஒவ்வொரு பதிவும் ஐநோட் எண் (கோப்பின் உள் அடையாள எண்) 8 பைட், அடுத்த இடக்குறி 8, பதிவின் நீளம் 2, வகை 1 என 19 பைட் தலைப்போடு தொடங்கும். பிறகு பெயர், ஒரு பூஜ்ய பைட், 8இன் மடங்குக்கு நிரப்பல். ‘படம்’ என்று ஒரு கோப்பு இருந்தால் யுடிஎஃப்-8இல் நான்கு குறியீடுகள், 12 பைட். 19+12+1, சரியாக 32. ‘தமிழ்’ என்றால் 15 பைட், மொத்தம் 35, அது 40 ஆக உயரும். பெயரின் உச்சவரம்பு 255 பைட் என்பதால் தமிழில் 85 குறியீடுகளோடு நின்றுவிடும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள், ஆகவே எழுத்துக் கணக்கில் இன்னும் குறைவு.

அடுத்த பதிவுக்குத் தாவ நீளப் புலத்தைத்தான் கூட்ட வேண்டும். இடக்குறியைப் பைட் கணக்கென்று நம்பினால் கெட்டோம். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் அது பெயரின் ஹாஷ் மதிப்பு, அதாவது பெயரிலிருந்து கணக்கிட்ட ஓர் எண். கோப்புகள் தாறுமாறான வரிசையில் வருவதும் இதனால்தான். அதே வரிசையில் ஒவ்வொன்றாகத் திறந்து படித்தால் சுழலும் வட்டில் ஹெட் அங்குமிங்கும் அலையும். ஐநோட் எண்ணால் வரிசைப்படுத்திவிட்டுத் திறந்தால் வேகம் கண்கூடு. எஸ்எஸ்டியில் அவ்வளவு வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம்.

பஃபரைப் பெரிதாக்கச் சொல்லும் ஆலோசனை அடிக்கடி வரும். லினக்ஸின் சி நூலகமான கிளிப்சியில் கோப்பகம் படிக்கும் ரீட்டிர் ஃபங்ஷன் வழக்கமாக 32 கேபி எடுக்கும். 32 பைட் பதிவுகள் என்றால் ஓர் அழைப்புக்கு ஆயிரத்துச் சொச்சம், பத்து லட்சத்துக்கு ஆயிரத்துக்கும் குறைவான அழைப்புகள். இதை ஐந்து எம்பியாக்கி மிச்சப்படுத்துவது சொற்பம். பத்து லட்சம் ஸ்டாட்டைத் தவிர்ப்பதே ஆதாயம். வகை பைட் அதற்குத்தான் இருக்கிறது: 4 கோப்பகம், 8 சாதாரணக் கோப்பு, 10 சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் கோப்பு). ஆனால் 0, அதாவது ‘தெரியாது’ என்றும் வரலாம். எஃப்டைப் (வகையைப் பதியும்) வசதி இல்லாமல் ஃபார்மேட் செய்த பழைய எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இது வரும். அப்போது மட்டும் ஸ்டாட் செய்யும்படி எழுதுங்கள். இந்தக் கிளையை விட்டுவிட்ட நிரல் ஒரு சர்வரில் ஓடும், இன்னொன்றில் துணைக் கோப்பகங்களைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

கெட்டென்ட்ஸ்64 உண்மையிலேயே மெதுவாக இருக்கும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. எக்ஸ்ட்4இல் லட்சக்கணக்கான கோப்புகளை அழித்த பிறகும் கோப்பகத்தின் அளவு சுருங்குவதில்லை. பத்தே கோப்பு மிஞ்சியிருக்கும். எல்எஸ் -எல்டி போட்டால் அளவு பல எம்பி காட்டும். காலியான பிளாக்குகளையும் கர்னல் படித்தே தீர வேண்டும். புதுக் கோப்பகம் உருவாக்கி மிஞ்சியதை அங்கே நகர்த்திப் பழைய பெயரைச் சூட்டுவதே சுலபம். அது முடியாதென்றால் அன்மவுண்ட் செய்து, சரிபார்க்கும் கருவியான ஈ2எஃப்எஸ்சிகே -எஃப்டி (சின்ன எஃப், பெரிய எழுத்து டி).

படித்துக்கொண்டிருக்கும்போதே அதே கோப்பகத்தில் பெயர் மாற்றுவது ஆபத்து. புதுப் பெயர் பட்டியலில் வருமா வராதா என்று போசிக்ஸ் (யுனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான தரநிலை) உத்தரவாதம் தருவதில்லை. மாற்றியதையே மறுபடி மாற்ற நேரும். பெயர்களை முதலில் திரட்டிக்கொள்ளுங்கள், பிறகு மாற்றுங்கள்.

நேரடியாக அழைக்க விரும்பினால், கிளிப்சி 2.30 (2019) முதல் அதற்கான ஃபங்ஷன் உண்டு. அதற்கு முந்தைய பதிப்பில் சிஸ்கால் (கர்னல் அழைப்பு) எண்ணைக் கையால் கொடுக்க வேண்டும்: எக்ஸ்86-64இல் 217, ஏஆர்எம்64இல் 61.