வேதபாடம் எடுக்க ஒரு சி.ஆர். கொப்பி

வீட்டுக் கூட்டத்தில் பைபிளிலிருந்து வேதபாடம் எடுக்கிறவர்களுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்டால், 120 பக்க ஒற்றை ரூல் சி.ஆர். கொப்பி, அதாவது தடித்த அட்டை போட்ட எழுதும் கொப்பி, என்றுதான் சொல்லுவேன். யாழ்ப்பாணத்தில் எந்தக் கொப்பிக் கடையிலும் கிடைக்கும். நான் வாங்குவது கஸ்தூரியார் வீதியில்.

மானிப்பாயில் நாங்கள் கூடுகிற வீட்டு விறாந்தையில் மேசை கிடையாது, மடியில் வைத்துத்தான் பார்க்கவேண்டும். தனித்தாள் என்றால் ஃபான் காற்றுக்கு நிற்காது. போனில் வைத்துப் படித்தால் நடுவில் வாட்ஸ்அப் வந்து குறுக்கே நிற்கும். சி.ஆர். கொப்பியின் அட்டை தடிப்பானது, நூலால் தைத்தது. நடுப்பக்கத்தை விரித்தால் விரித்தபடி கிடக்கும். ஜெல் பேனை மட்டும் வேண்டாம், மறுபக்கம் ஊறிவிடும். போல்பொயின்ற் நல்லது.

எனக்கு இதில் பெரிய வசதி இரண்டு பக்கமும் ஒன்றாகக் கண்ணில் படுவது. வலப்பக்கத்தில் பாடத்தை முழுவதும் எழுதுவேன், இடப்பக்கத்தில் குறிப்பு மட்டும். வலது வீட்டுக்கு, இடது கூட்டத்துக்கு.

முழுவதும் எழுதாமல் போகக்கூடாது என்பதில் நான் உறுதி. எழுதும்போதுதான் எந்த இடம் எனக்கே விளங்கவில்லை என்று தெரியவரும். என் கையெழுத்தில் வலப்பக்கங்கள் பத்து என்றால் ஏறக்குறைய அரை மணித்தியாலம். அதற்கு மேல் போனால் வெட்டிவிடலாம். ஆனால் எழுதியதை அப்படியே வாசித்தால் ஒட்டாது. கை எழுதுவது ஒரு தமிழ், விறாந்தையில் நாங்கள் கதைப்பது இன்னொரு தமிழ். வசனமே பழைய நடையில் இருக்கிறது, விளக்கமும் அதே நடையில் வந்தால் கேட்கிற ஆச்சிமார் எங்கே பிடித்துக்கொள்வது?

பிலேமோனுக்கு அவருடைய அடிமை ஒநேசிமுவைப் பற்றிப் பவுல் எழுதின நிருபத்தை எடுத்தபோது இடப்பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்:

வச. 10 – ஒநேசிமு யார்?
வச. 16 – அடிமை அல்ல, சகோதரன்
வச. 18 – கடனை யார் கணக்கில்?
வச. 19 – பவுல் தன் கையால்

18ஆம் வசனத்தில் ஓர் ஆச்சி, “பிள்ளை, அப்ப அவன் காசு எடுத்தவனோ?” என்று கேட்டார். நல்ல கேள்வி. “உண்டானால்” என்றுதான் பவுல் எழுதுகிறார், எடுத்தான் என்று அடித்துச் சொல்லவில்லை. அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு, கண்ணை ஒருதரம் தாழ்த்தி 19க்கு வந்துவிட்டேன். முழு எழுத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தால் விட்ட வரியைத் தேடவே நேரம் போயிருக்கும்.

தொடக்க வரிகளையும் முடிவு ஜெபத்தையும் மட்டும் இடப்பக்கத்திலும் சொல்லுக்குச் சொல் எழுதுவேன். அந்த இரண்டு இடத்திலும்தான் நாக்கு தடுமாறும்.

ஆவியானவர் பேசவைப்பார், கொப்பி எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. என்ன பேசுவோமென்று கவலைப்படாதிருங்கள் என்று மத்தேயு 10இல் இயேசு சொல்வது, அதிகாரிகளுக்கு முன்பாகக் கொண்டுபோகப்படுகிறவர்களுக்கு. எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல பாருக்கு என்பவன் எழுதி, ஆலயத்தில் வாசித்தான். பவுலின் ரோமர் நிருபத்தை எழுதிய கை தெர்தியு என்பவனுடையது. ஆவியானவர் எழுத்தைத் தள்ளியதாக நான் எங்கும் காணவில்லை. ஸ்பர்ஜன் லண்டனில் சின்னக் குறிப்போடு பிரசங்க மேடை ஏறினார். அமெரிக்காவில் ஜொனத்தன் எட்வர்ட்ஸ் பல வருடம் முழுப் பிரசங்கத்தையும் கையடக்கமான சிறு கொப்பிகளில் எழுதிக்கொண்டுபோனார். இரண்டு பேரையும் கர்த்தர் பயன்படுத்தினார்.

கொப்பியில் குறை என்றால் அட்டை மூலைதான், பையில் போட்டுத் திரிந்தால் சீக்கிரம் பிய்ந்துவிடும். பிளாஸ்ரிக் உறை போடுங்கள். மாரியில் ஸ்கூட்டியில் போகிறவர்களுக்கு அது கட்டாயம் வேண்டும். 200 பக்கம் பாரம், வாங்கவேண்டாம். முதல் பக்கத்தில் பாடங்களின் அட்டவணைக்கு இடம் விட்டு எழுதத் தொடங்குங்கள், அடுத்த வருடம் தேடும்போது உதவும்.