ஹட்டன் கடையொன்றின் குட்டி ஆமைகள்

ஹட்டன் நகரிலுள்ள அந்தச் செல்லப்பிராணிக் கடையின் மீன்தொட்டிகளில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆமைகளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. “நில ஆமை, கீரை போட்டால் போதும்” என்று கூறி விற்கப்படும் பச்சைநிறக் குட்டிகள், கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டையும் விரலிடையில் சவ்வும் கொண்டவை. அதாவது, வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டு நீரில் வாழும் சிவப்புக்காது ஆமைகள். நம் நாட்டு உலர் வலயத்துக்குரிய நில ஆமையான நட்சத்திர ஆமைக்கோ குவிந்த ஓடும், தூண் போன்ற கால்களும், ஓட்டில் கதிர்களாய் விரியும் மஞ்சள் கோடுகளும் உண்டு. சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட அது விற்பனைக்கு இருக்கவே கூடாது, அங்கே இருக்கவுமில்லை.

நீர்ச் சூடேற்றி பற்றிக் கடைக்காரர் வாய் திறப்பதில்லை. இரவில் குளிர் இறங்கும் மலையகத்தில், நீரை ஏறத்தாழ 26 பாகை செல்சியஸிலும், ஏறி உலரும் கல்லை 30 பாகைக்குச் சற்று மேலும் வைத்திராவிட்டால், குட்டி உணவை மறுத்து, சுவாச நோய் கண்டு நலிந்துவிடக்கூடும். ஜன்னலோர வெயில் போதும் என்ற ஆலோசனையும் தவறானது; ஓடு உறுதியாக வளரத் தேவையான புறஊதாக் கதிர்களைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். அதற்குரிய மின்குமிழ் அதே கடையின் மேல்தட்டில் தூசி படிந்து கிடப்பதுதான் வேடிக்கை. கீரை வளர்ந்த ஆமைக்குப் பொருந்தும். குட்டிக்குப் புழு, சிறுமீன், குறுணல் உணவு என்று புரதம் கூடுதலாக வேண்டும்.

இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய பிராணி இது என்பதை விலைச்சீட்டருகே எழுதி வைத்தால், பின்னர் அதைக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விட்டுவிட நினைப்பவர்களாவது குறைவார்கள்.