லோ விஷன் பிரிவுக்கு நாலு ஸ்டார். ஒன்றைப் பெயர்ப் பலகைக்காகக் கழித்தேன்

நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பேத்திக்கு நாலு வயது நடக்கிறது. அல்பினிசம். முடி, புருவம், இமை எல்லாம் வெளுப்பு. வெயிலில் கண் கூசும். கருவிழி ஓரிடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருக்கும். மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள், அதனால் அவளைக் கண் ஆஸ்பத்திரியின் லோ விஷன் (குறைபார்வை) பிரிவுக்குக் கூட்டிப் போய் வருவது என் டூட்டி. ஆஸ்பத்திரி பெயரைப் போடவில்லை. குறையும் எழுதப் போகிறேன், வம்பு வேண்டாம். இந்த மாதிரிப் பிரிவு பெரிய கண் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே பலர் போகாமல் இருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஆபரேஷன் உண்டா, சொட்டு மருந்து உண்டா என்று கேட்டுக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த இடம் ஏமாற்றம்தான். டாக்டர் பார்ப்பதெல்லாம் முடிந்த பிறகு, இனி இருக்கிற பார்வையை வைத்து என்ன செய்யலாம் என்று பார்க்கிற இடம் இது. பாப்பாவுக்கு மெலனின், அதாவது தோலுக்கும் முடிக்கும் கண்ணுக்கும் நிறம் கொடுக்கும் பொருள், குறைவு. அதனால் விழித்திரையின் நடுப்புள்ளி முழுசாக உருவாகவில்லை. கண்ணாடி பவரைச் சரி செய்யும், இல்லாத புள்ளியை உண்டாக்காது. கண்ணாடி போட்டும் 6/36. அதாவது நாம் 36 மீட்டரிலிருந்து பார்ப்பதை அவள் 6 மீட்டருக்கு வந்தால்தான் பார்ப்பாள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் நல்ல கண்ணில் 6/18-க்குக் கீழே 3/60 வரை இருப்பதைக் குறைபார்வை என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் வருகிறாள்.

தெருவில் கேட்பது வேறு. "கிரகணத்துல வெளிய போனாளா உங்க மருமக?" என்று கேட்காத ஆள் இல்லை. இது அப்பா அம்மா இரண்டு பேரிடமிருந்தும் வரும் ஜீன். சொந்தத்தில் கட்டினால் வாய்ப்பு கூடும், சொந்தமே இல்லாதவர்களுக்கும் வரும். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. கவுன்சலிங் மேடம் இதை என் மருமகளிடம் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். அதற்கே ஒரு ஸ்டார் கொடுக்கலாம்.

பரிசோதனை எனக்குப் பிடித்திருந்தது. எழுத்துப் பலகை இல்லை. ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் என்று நாலே நாலு படம். பின்லாந்தைச் சேர்ந்த லேயா ஹூவாரினன் என்ற கண் டாக்டரம்மா 1976-இல் உருவாக்கியதாம். குழந்தை பெயர் சொல்ல வேண்டியதில்லை. மடியில் இருக்கும் அட்டையில் அதே படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும். இதில் ஒரு நுணுக்கம்: சின்னதாகிக்கொண்டே போகும்போது நாலு படமும் ஒரே மாதிரி மங்கி, வட்டமாகத்தான் தெரியும். அதனால் குருட்டாம்போக்கில் சொல்லித் தப்பிக்க முடியாது. அப்புறம் கறுப்பாகத் தொடங்கி வெளிறிக்கொண்டே போகும் ஒரு முகப் படம். எவ்வளவு மங்கலான முகம் வரை குழந்தை திரும்பிப் பார்க்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். அம்மா சிரிக்கிறாளா முறைக்கிறாளா என்பதெல்லாம் இந்த மங்கல் கோடுகளில்தானே இருக்கிறது.

நம்பர் எழுதி முடிந்ததும் வழக்கமான ஆஸ்பத்திரி முடிந்துவிடும். இங்கே அப்புறம்தான் ஆரம்பம். அடுத்த தடவை வரும்போது பாப்பா சாப்பிடுகிற தட்டைக் கொண்டு வரச் சொன்னார் சிறப்பாசிரியர். கேட்டதும் எனக்குச் சிரிப்பு. எவர்சில்வர் தட்டு, அதில் இட்லி, மேலே தேங்காய்ச் சட்னி. டியூப் லைட் வெளிச்சம் தட்டில் அடித்துப் பளபளவென்று இருக்கிறது, அதன் நடுவே வெள்ளையில் வெள்ளை. பாப்பா கையால் தடவித்தான் இட்லியைக் கண்டுபிடிப்பாள், சட்னிக்குள் விரலை விடுவாள். அழுக்குப் பண்ணுகிறாள் என்று வீட்டில் திட்டு. கருநீலத்தில் பளபளப்பில்லாத ஒரு மெலமைன் தட்டை எடுத்து அதே இட்லியை அதில் வைத்தார். பாப்பா நேராகக் கையைக் கொண்டுபோய் எடுத்தாள். "ஐயா, கண்ணு மாறல. தட்டுதான் மாறிச்சு" என்றார். கல்யாண வீட்டில் வாழையிலையில் மட்டும் இந்தப் பிள்ளை எப்படி ஒழுங்காகச் சாப்பிடுகிறாள் என்று நாங்கள் பேசிக்கொண்டது உண்டு. பச்சையில் வெள்ளைச் சோறு, அவ்வளவுதான் ரகசியம்.

வெளிநாட்டு கேட்டலாகில் இதற்கென்றே தட்டு விற்கிறார்கள். வாங்காதீர்கள். பாத்திரக் கடையில் கிடைக்கும் கறுப்போ கருநீலமோ போதும், வழவழவென்று மின்னக்கூடாது, விளிம்பு கொஞ்சம் உயரமாக இருந்தால் நல்லது. பாலுக்கு அடர் நிறக் கப். வெள்ளைக் கப்பில் பால் எங்கே நிற்கிறது என்று அவளுக்குத் தெரியாது, ஊற்றிக்கொண்டே இருப்பாள்.

படி விஷயத்தில் எனக்கே அனுபவம் உண்டு. பஸ் படி ஓரத்தில் மஞ்சள் பட்டை எதற்கு என்று வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே தெரியும். வீட்டுப் படிக்கும் அதையே சொன்னார்கள்: விளிம்பில் மட்டும் ஒரு பட்டை, மேல் பக்கமும் முன்பக்கமும் தெரிகிற மாதிரி. எங்கள் பெயிண்டர் ஆர்வத்தில் படி முழுக்க மஞ்சள் அடிக்கப் பார்த்தார். முழுக்க அடித்தால் எல்லாம் ஒரே மஞ்சள் சரிவாகத் தெரியும், விளிம்பு எங்கே என்று தெரியாது. செருப்பில் உள்பக்கம் ஒரு காலுக்கு மட்டும் சிவப்பு டேப். கவுனில் துணி நிறத்திலேயே இருந்த மேல் பட்டனை எடுத்துவிட்டுச் சிவப்புப் பட்டன் தைத்தார்கள். மேல் பட்டன் சரியான ஓட்டையில் விழுந்துவிட்டால் மற்றவை தானாக வரிசையில் வரும். இப்போது அவளே போட்டுக்கொள்கிறாள், நேரமாகும், பஸ் போய்விடும், ஆனாலும் அவளேதான் போட வேண்டும் என்று மேடம் கண்டிப்பு.

இந்தப் பிரிவில் நான் கற்றதில் பெரியது இன்னொன்று. மற்ற பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தே பாதி உலகத்தைக் கற்றுவிடுகிறார்கள். பாட்டி பூக் கட்டுவது, எதிர்வீட்டில் கோழியைப் பிடிப்பது, அப்பா பல்பு மாற்றுவது எல்லாம் கண்ணில் தானாக விழுகிறது. பார்வை குறைந்த பிள்ளைக்கு ஒரு கை தூரத்துக்கு அப்பால் நடப்பதெல்லாம் சத்தமும் அசைவும்தான். யாராவது கூட்டிப் போய்க் காட்டினால்தான் உண்டு. "ஃபேன் எங்கே இருக்கு?" என்று மேடம் கேட்டதற்கு பாப்பா சுவர் சுவிட்சைக் காட்டினாள். சுவிட்சைப் போட்டால் சத்தம் வருகிறது, அதனால் ஃபேன் சுவிட்சுக்குள் இருக்கிறது! மேலே சுற்றுகிற றெக்கை அவளைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. வீட்டுக்கு வந்து டேபிள் ஃபேனைக் கழற்றி ஒவ்வொரு றெக்கையாகக் கையில் கொடுத்தேன். பிறகு மாட்டி ஓடவிட்டு, தூக்கிப் பிடித்து மேலேயும் இதே மாதிரி ஒன்று என்றேன். அன்றிலிருந்து போகிற வீட்டிலெல்லாம் "இங்க எத்தன றெக்க?" என்று கேட்கிறாள்.

காத்திருக்கும் கூடத்தில் கைக்குழந்தைகளும் வரும். குறைமாதத்தில் பிறந்து விழித்திரை பாதித்தவை, பிறவிக் கண்புரைக்கு ஆபரேஷன் ஆனவை. ஒரு தாய், "நான் பேசினா பிள்ள சட்டுனு அசையாம போயிடுது, என்னப் பிடிக்கல போல" என்று அழுதார். அது காது கொடுத்துக் கேட்கிறது, கேட்பதற்காகத்தான் கைகாலை நிறுத்துகிறது என்று விளக்கினார்கள். இந்தக் குழந்தைகள் பொருளை எட்டிப் பிடிப்பதும் தவழ்வதும் தாமதமாகும். சத்தத்தை வைத்து அங்கே ஒரு பொருள் இருக்கிறது என்று புரிந்து கை நீட்ட முதல் வயது முடியும் தறுவாய் ஆகிவிடும். கிலுகிலுப்பையை ஆட்டினால் மட்டும் போதாது, கையில் கொடுத்துப் பழக்கி, பிறகு கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். குப்புறப் போட்டால் அழுவதும் இதனால்தான்: தலையைத் தூக்கினால் பார்க்க ஒன்றும் இல்லையென்றால் எதற்குத் தூக்க வேண்டும்? கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணி, ஜிகினா ஒட்டிய பந்து என்று முகத்துக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள்.

"கிட்ட வச்சுப் பாக்காதே, இருக்கிற கண்ணும் போயிடும்" என்று எங்கள் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வோம். அப்படிப் போகாது என்று சொல்லி எங்கள் வாயை அடைத்தது இவர்கள்தான். புத்தகத்தை 20 சென்டிமீட்டரிலிருந்து 10-க்குக் கொண்டு வந்தால் விழித்திரையில் எழுத்து இரண்டு மடங்காகும். பிள்ளைக் கண்ணுக்கு அவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் பண்ணும் சக்தி இருக்கிறது. ஒரு காலத்தில் வெளிநாட்டிலும் குறைபார்வைப் பிள்ளைகளின் கண்ணைச் "சேமிக்க" வேண்டும் என்று படிக்க விடாமல் வைத்திருந்தார்களாம். 1964-இல் நடாலி பராகா என்ற அமெரிக்க ஆசிரியை, பயிற்சி கொடுத்தால் அதே கண் கூடுதலாக வேலை செய்யும் என்று காட்டிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. (கண்புரை ஆபரேஷன் ஆன பிள்ளைகளுக்கு இந்தக் கிட்டத்துக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு அந்த ஃபோகஸ் சக்தி இல்லை, கிட்டப் பார்க்கத் தனி லென்ஸ் வேண்டும்.)

கொடுத்த சாமான்களில் டோம் மேக்னிஃபயர் நல்லது. பாதி உருண்டைக் கண்ணாடி மாதிரி, பக்கத்தின் மேல் வைத்துத் தள்ளினால் போதும், தூரம் பிடிக்க வேண்டியதில்லை, வெளிச்சத்தையும் தானே இழுத்துக்கொள்ளும். பாப்பா அதை வைத்து முதலில் பார்த்தது எறும்பு. சாய்வுப் பலகையும் கொடுத்தார்கள், கழுத்து வளையாமல் எழுதலாம். அந்தப் பலகைக்கு ஆஸ்பத்திரி விலை அதிகம். அளவு எடுத்துக்கொண்டு போய் எங்கள் தெரு ஆசாரியிடம் சொன்னால் கால் பங்கில் முடிகிறது. டேப்லெட்டில் ஓடுகிற விளக்கு விளையாட்டு எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆள் பற்றாக்குறை நாளில் அதை அதிகம் கொடுக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

தமிழ் எழுத்து தொடங்கியபோது ஒன்று கவனித்தேன். முதலில் காணாமல் போவது புள்ளி. க-வும் க்-கும் அவளுக்கு ஒன்று. சுழிகள் அடுத்தது, ன-வும் ண-வும் குழம்பும். தடித்த கறுப்பு மார்க்கரில், ஒரு வரிக்கு இரண்டு மூன்று எழுத்து, நடுவில் நிறைய இடம் விட்டு, புள்ளியை மிளகு அளவுக்குப் போட்டு எழுதிக் கொடுத்தால் பிடித்துக்கொள்கிறாள். அங்கன்வாடிக்கும் ஒரு கடிதம் கொடுத்தார்கள்: ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள், வெளியே தொப்பியோடு விடுங்கள், தலையைச் சாய்த்துப் பார்த்தால் நிமிர்த்தாதீர்கள். அந்தக் கோணத்தில்தான் கண் ஆடுவது அடங்கி நன்றாகத் தெரிகிறது. டீச்சர் அது வரைக்கும் நாள் முழுக்க அவள் தலையை நிமிர்த்திக்கொண்டே இருந்தாராம்.

இப்போது குறை. பார்வை குறைந்தவர்களுக்கான பிரிவின் பெயரைக் கண்ணாடிக் கதவில் வெளிர் சாம்பல் எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். நல்ல கண் இருக்கிற எனக்கே செக்யூரிட்டியைக் கேட்டுத்தான் வழி தெரிந்தது. தரை டைல்ஸ் வழவழவென்று ஜன்னல் வெயிலைத் திருப்பி அடிக்கிறது, பாப்பா அங்கே நடக்கும்போது மட்டும் கையை விடமாட்டாள். உள்ளே எங்களுக்குப் பாடமாகச் சொன்ன இரண்டையும் வெளியே அவர்களே செய்யவில்லை. ஆலோசனைப் பெட்டியில் எழுதிப் போட்டேன், பதில் இல்லை. வீட்டில் செய்யக் கொடுத்த தமிழ்த் துண்டறிக்கை பஸ் டிக்கெட் எழுத்தில் இருக்கிறது. பயிற்சிக்கு வரும் பெண் பிள்ளைகள் அடிக்கடி மாறுகிறார்கள், குழந்தை ஒரு முகத்தோடு பழகுவதற்குள் அடுத்த முகம். கேன்டீன் காபி சுமார்.

6/36 இன்னும் 6/36 தான். ஃபைலில் அந்த நம்பரை மட்டும் பார்க்கிறவர் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்வார், என் சம்பந்தி அப்படித்தான் சொல்கிறார். அவர் வந்தால் பாப்பா டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து கொடுக்கிறாள், அதையும் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் சொல்கிறார்.

போகிறவர்களுக்கு: கண் டாக்டரின் சீட்டு வேண்டும். குழந்தை தூங்கி எழுந்த நேரமாகப் பார்த்து டோக்கன் வாங்குங்கள், அழுகிற பிள்ளையைச் சோதிக்க முடியாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இங்கே வழி சொல்வார்கள், சான்று அரசு மருத்துவக் குழுவிடம்தான். வீட்டுத் தட்டு, டம்ளர், செருப்பு, நோட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். பட்டன் தைக்க ஊசி நூல் அங்கேயே இருக்கிறது.