அபூர்வமாக மாறும் டேபிள்கள்: எந்த கேஷ் எதற்கு?

நாடுகளின் பட்டியல், வரி விகிதம், பொருள் வகைகள் எல்லாம் மாதக்கணக்கில் மாறாதவை. ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் டேட்டாபேஸ் வரை போய் இவற்றைப் படிப்பது வீண். சரி, கேஷ் செய்யலாம், அதாவது ஒருமுறை படித்ததைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். ஜாவா அப்ளிகேஷனில் அதை எதில் செய்வது? பலரும் வேகத்தைத்தான் முதலில் ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள். டேபிளை மாற்றுவது யார்? அந்த மாற்றம் எவ்வளவு நேரத்துக்குள் எல்லா சர்வர்களுக்கும் தெரிய வேண்டும்?

புது வெர்ஷனோடு மட்டுமே மாறும் டேட்டா என்றால், அப்ளிகேஷன் கிளம்பும்போது மெமரியில் ஒரு மேப்பில் (கீ கொடுத்தால் மதிப்பைத் தரும் அமைப்பு) ஏற்றிவிட்டால் போதும். நடுவில் புதுப்பிக்க நேர்ந்தால் அதே ஹாஷ்மேப்பில் கை வைக்காதீர்கள், மற்ற த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) அதைப் படித்துக்கொண்டிருக்கும். புது மேப்பை முழுதாகக் கட்டிவிட்டு, வாலடைல் ரெஃபரன்ஸை (மாற்றினால் எல்லா த்ரெட்களுக்கும் தெரியும் சுட்டியை) அதற்குத் திருப்புங்கள்.

டேட்டாபேஸ் வரிசைகளை ஜாவா ஆப்ஜெக்ட்களாகத் தரும் லைப்ரரியான ஹைபர்நேட்டின் செகண்ட் லெவல் கேஷில்தான் (ரிக்வெஸ்ட்கள் பகிர்ந்துகொள்ளும் கேஷ்) நான் அடிபட்டேன். ஐடியை வைத்து எடுக்கும் என்டிட்டிக்கு (ஒரு வரிசைக்கான ஆப்ஜெக்ட்) அது அருமையாக உதவும். பட்டியலாக எடுக்கும் குவெரிக்கோ குவெரி கேஷைத் தனியாக இயக்க வேண்டும். ஆனால் ஹைபர்நேட் வழியாகப் போகாத மாற்றம் எதுவும் அதற்குத் தெரியாது. ஒருமுறை வரி விகிதத்தை யாரோ நேரடி எஸ்க்யூஎல்லில் மாற்றிவிட்டார்கள். இரண்டு சர்வர்களில் ஒன்று மட்டும் ரீஸ்டார்ட் ஆனது. ஒரே பில், பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் வேறு வேறு தொகை. காரணம் பிடிபடுவதற்குள் ஒரு நாள் போய்விட்டது.

அதற்கப்புறம் பெரும்பாலும் காஃபீன்தான், சர்வரின் மெமரியிலேயே கேஷ் வைக்கும் ஜாவா லைப்ரரி. ரெஃப்ரெஷ்ஆஃப்டர்ரைட் 5 நிமிடம் என்று வைத்தால், அந்த நேரம் கடந்தபின் யாராவது கேட்கும்போது பழைய மதிப்பை உடனே கொடுத்துவிட்டுப் பின்னணியில் புதியதை ஏற்றும். டேட்டாபேஸ் அந்த நேரம் தடுமாறினாலும் பழையது கையில் இருக்கும். ஒன்று கவனியுங்கள்: யாராவது கேட்டால்தான் ரெஃப்ரெஷ் நடக்கும். இரவெல்லாம் சும்மா இருந்த சர்வர், காலையில் முதலில் கேட்பவருக்கு நேற்றைய மதிப்பையே தரும். அதனால் மதிப்பைக் காலாவதியாக்கும் எக்ஸ்பயர்ஆஃப்டர்ரைட்டையும் 1 மணி நேரம் என்று சேர்த்து வைக்கிறேன். ஜாவா ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங்கில் மெத்தடின் மேல் எழுதும் கேஷபிள் என்ற குறிப்பு இதற்கு மேல் போடும் உறைதான். கேஷ் லைப்ரரி எதுவும் சேர்க்காவிட்டால் ஸ்பிரிங் பூட் தானாகத் தரும் மேப்புக்குக் காலாவதியே கிடையாது. அதே கிளாஸுக்குள்ளிருந்து அந்த மெத்தடை அழைத்தால் வழக்கமான ப்ராக்ஸி முறையில் (வெளியிலிருந்து வரும் அழைப்பை மட்டும் இடைமறிக்கும் முறை) கேஷ் பக்கமே போகாது.

எல்லா சர்வர்களும் பகிரும் தனி கேஷ் சர்வரான ரெடிஸில் ஒரு கீயை அழித்தால் எல்லா சர்வர்களும் அடுத்த முறை புதியதைப் படிக்கும். அது பெரிய வசதி. பதிலுக்கு ஒவ்வொரு படிப்புக்கும் நெட்வொர்க் பயணம், சீரியலைசேஷன் (ஆப்ஜெக்ட்டை அனுப்பக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது), கவனித்துக்கொள்ள இன்னொரு சர்வர். டேபிளின் சில நூறு வரிசைகளுக்காக மட்டும் இதை நிறுவுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வரி விகிதம் மாதிரி குறித்த நொடியில் மாற வேண்டியதற்கு டேபிளிலேயே 'அமலுக்கு வரும் தேதி' என்று ஒரு நெடுவரிசை சேருங்கள். புது விகிதத்தை இரண்டு நாள் முன்பே போட்டுவிடலாம். கேஷ் அதை நிதானமாக ஏற்றிக்கொள்ளும், எது செல்லும் என்பதைக் கணக்குப் போடும் நேரத்தில் தேதி தீர்மானிக்கும்.