பாக் விரிகுடாவுக்கு சென்டினல்-3 குளோரோபில்: பல சீசன் பயன்படுத்திய பிறகு

மதுரையில் முதுநிலை ப்ராஜெக்டுக்கு ராமநாதபுரம் கடலை எடுக்கும் மாணவர்கள் வருஷா வருஷம் கேட்பது இதுதான்: "சென்டினல்-3 குளோரோபில் டேட்டாவை நம்பலாமா சார்?" ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-3, கடலின் நிறத்தை வைத்து, தாவர மிதவையில் (நீரில் மிதக்கும் நுண்பாசியில்) இருக்கும் பச்சையமான குளோரோபிலைக் கணிக்கிறது. பாம்பன் பாலத்துக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவில், கரையை விட்டுத் தள்ளி, தாராளமாக நம்பலாம். வடக்கே, பாக் விரிகுடாவில், அந்த எண்ணை அப்படியே அட்டவணையில் ஏற்றாதீர்கள்.

டேட்டா இலவசம். பிக்சல் 300 மீட்டர்; நாசாவின் மோடிஸ் கருவியின் 1 கி.மீ.யில் கரைந்துபோன தீவு இடுக்குகள் இதில் தெரிகின்றன. ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் நமக்குச் சூரியன் உச்சிக்கு வரும். சென்டினல்-3-இல் கடல் நிறத்தை அளக்கும் ஓஎல்சிஐ கருவியை மேற்கே 12.6 டிகிரி சாய்த்து வைத்திருப்பதால் நீர்ப் பளபளப்பில் வீணாகும் பரப்பு குறைகிறது. இதற்காகவே அதை வடிவமைத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

எரிச்சல் முழுக்க, நிறத்தைக் குளோரோபிலாக மாற்றும் ஓசி4எம்இ கணக்கில். நீலப் பக்கத்து 443, 490, 510 நானோமீட்டர் ஒளிப்பட்டைகளைப் பச்சையான 560-ஆல் வகுத்து, வரும் விகிதங்களில் பெரியதை எடுத்துக்கொள்கிறது. தாவர மிதவை நீலத்தை உறிஞ்சும், விகிதம் இறங்கும், குளோரோபில் கூடுதல் என்று எழுதும். ஆழ்கடலில் அருமையான முறை. பாக் விரிகுடாவோ பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு மீட்டர் ஆழம்தான். வாடைக்காற்றில் அடிச்சேறு கலங்கினால் 560 ஏறும். கரையிலிருந்து வரும் கரைந்த கரிமப்பொருள் 443-ஐ விழுங்கும். நீர் தெளிந்த நாளில் அடிமணலே பச்சை ஒளியைத் திருப்பியனுப்பும். மூன்றும் ஒரே பக்கம்தான் இழுக்கின்றன. மார்கழிப் படத்தில் தொண்டியிலிருந்து தங்கச்சிமடம் வரை செக்கச்செவேலென்று, அதாவது குளோரோபில் மிக அதிகம் என்று, இருக்கும். வெறும் சேற்றுக்கு 'பாசிப் பெருக்கம்' என்று தலைப்பு வைப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கூடவே வரும் நரம்புவலை (நியூரல் நெட்வொர்க்) குளோரோபில் சேற்றுக்குக் கைகொடுக்கும். ஆனால் அடித்தரை தெரியாத நீரை வைத்துப் பழக்கியது அது. மணல் தெரியும் இடத்தில் உதவாது.

சந்தேகம் வந்தால் சிவப்புப் பக்கம் போங்கள். ஸ்னாப் மென்பொருளில் எஃப்எல்எச் (ஒளிர்வு மேட்டின் உயரத்தை அளப்பது) கருவி இருக்கிறது. 665-க்கும் 709-க்கும் நடுவே கோடு போட்டு, 681-இல் அதற்கு மேல் மேடு தெரிகிறதா என்று பாருங்கள். குளோரோபில் ஒளிர்வதால் வரும் மேடு அது, சேற்றுக்குக் கிடையாது. அடர்ந்த பெருக்கமென்றால் மேடு 709 பக்கம் நகரும், அப்போது அந்த 709 மேட்டை அளக்கும் எம்சிஐ போடவும்.

பைத்தானில் கோப்பை நேராகத் திறப்பவர்களுக்கு: உள்ளே இருப்பது மடக்கை. 0 என்றால் கன மீட்டருக்கு 1 மி.கி., -1 என்றால் 0.1. மைனஸ் மதிப்புகளைப் பிழையென்று நீக்கினால் தெளிந்த கடல் மொத்தமும் காலி. மேகம், மேக விளிம்பு, வளிமண்டலத் திருத்தத் தோல்வி ஆகிய கொடிகள் (எச்சரிக்கைக் குறிகள்) விழுந்த பிக்சல்களையும் மறைத்தே தீர வேண்டும். செயற்கைக்கோளுக்கு வரும் ஒளியில் சுமார் 90 சதவீதம் காற்றுமண்டலத்தினுடையது. திருத்தம் கொஞ்சம் பிசகினாலும் மிச்சம் தேறாது.

செயற்கைக்கோள் கடப்பது காலை பத்து மணி வாக்கில். ஒப்பிட்டுப் பார்க்க மண்டபத்தில் நீர் எடுப்பதும் அதற்கு முன்பின் மூன்று மணி நேரத்துக்குள் முடியட்டும். வடிகட்டிய 0.7 மைக்ரான் கண்ணாடி இழைத் தாளை அலுமினியத் தாளில் சுற்றி, ஐஸில் புதைத்து மதுரைக்குக் கொண்டுவாருங்கள். வெளிச்சமும் சூடும் பட்டால் குளோரோபில் வழியிலேயே சிதையும். பழி செயற்கைக்கோள்மேல் விழும்.

மன்னார் வளைகுடாவுக்கு ஐந்துக்கு நான்கரை. பாக் விரிகுடாவுக்கு ஒன்று, அதுவும் எஃப்எல்எச் பார்க்க முடிவதால். மொத்தத்தில் இரண்டுக்கு மேல் போட எனக்கு மனசு வரவில்லை. வைகை அணைக்கு எடுப்பவர்கள் இந்த 300 மீட்டரை விட்டுவிட்டு, இன்னும் சின்ன பிக்சல் தரும் சென்டினல்-2க்குப் போங்கள்.