சூப்பானா, பொம்மைப் பெட்டியா?

பேச்சு வராத குழந்தைக்கு இரண்டு ஒலிகளின் வேறுபாடு தெரிகிறதா என்று அறிய ஆய்வுக்கூடங்களில் இரண்டு பழைய வழிகள் உண்டு.

1 முதல் 4 மாதம் வரை சப்பும் முறை. அழுத்தமானியோடு இணைத்த சூப்பானைக் குழந்தை பலமாகச் சப்பினால் ஓர் ஒலி கேட்கும். சலித்து வேகம் குறைந்ததும் ஒலியை மாற்றுவார்கள். வேகம் மறுபடி ஏறினால் மாற்றம் காதில் விழுந்திருக்கிறது. ஒலி மாறாத குழு ஒன்றும் கட்டாயம் வேண்டும், தற்செயலாகவும் வேகம் ஏறலாம். 1971-இல் பீட்டர் ஐமஸ் குழுவினர் சோதித்தது, ‘பஸ்’, ‘பால்’ இரண்டின் முதல் ஒலியை ஒத்த வேறுபாட்டை. (நமக்கோ இரண்டுக்கும் ஒரே எழுத்து!) பல குழந்தைகள் நடுவில் அழும், தூங்கிவிடும். கிடைப்பது குழுவின் சராசரிதான்; தனிக் குழந்தையைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

தலைதிருப்பும் முறைக்கு ஏறத்தாழ 6 மாதமாவது ஆகவேண்டும். தாய் மடியில் குழந்தை. ஒரே ஒலி திரும்பத் திரும்பக் கேட்கும். அது மாறிய சில நொடிக்குள் தலையைத் திருப்பினால், பக்கத்துக் கறுப்புப் பெட்டிக்குள் விளக்கு எரிந்து பொம்மை ஆடும். ஒலி மாறாத சுற்றுகளையும் கலப்பதால், சும்மா திரும்பும் குழந்தை பிடிபட்டுவிடும். ஒவ்வொரு குழந்தைக்கும் தனி முடிவு கிடைப்பதால், வயது பொருந்தினால் இதுவே மேல். 1984-இல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் இந்தியின் ட, த ஒலிகளை ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகளுக்கு இப்படிக் கொடுத்தார்கள். 6–8 மாதத்தில் பெரும்பாலானவை பிரித்தறிந்தன. 10–12 மாதத்தில் வெகுசிலவே.

தாயின் காதில் இசை ஓடும் ஹெட்ஃபோன் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒலி மாறும்போது அவர் உடல் அசைவே குழந்தைக்குத் துப்புக் கொடுத்துவிடும்.