ஒரே ஒரு தொட்டி: இஞ்சி நடுவதா, மஞ்சள் நடுவதா?

இஞ்சியும் மஞ்சளும் ஒரே குடும்பத்துச் செடிகள், நடும் முறையும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால் எதை வைத்தால் என்ன என்று தோன்றும். ஆனால் ஒரு தொட்டிக்குத்தான் இடம் இருக்கிறது, அதுவும் முதல் தடவை நடுகிறீர்கள் என்றால் மஞ்சளை வையுங்கள் என்றுதான் சொல்வேன். சமையலில் அதிகம் செலவாவது இஞ்சியாச்சே என்பீர்கள், காரணமே அதுதான். எட்டு, பத்து மாதம் காத்திருந்து ஒரு தொட்டியில் எடுக்கும் இஞ்சி, தினமும் தட்டிப் போடுகிற வீட்டில் சீக்கிரமே தீர்ந்துவிடும். மஞ்சள் ஒரு தடவைக்குக் கொஞ்சம் துருவினாலே போதும், ஒரு தொட்டி விளைச்சல் வெகுநாள் வரும்.

நடவில் பெரிய வித்தியாசம் இல்லை. பரு (முளை கிளம்பும் சின்ன மேடு) தெரிகிற கிழங்குத் துண்டாகப் பார்த்து, பரு மேலே இருக்கும்படி 5 செ.மீ. ஆழத்தில் வையுங்கள். கிழங்கு பக்கவாட்டில்தான் ஓடும், அதனால் தொட்டி அகலமாக இருக்கட்டும். குளிரில் இரண்டுமே முளைக்க அடம்பிடிக்கும். 20 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும்போது ஆரம்பிப்பது நல்லது.

முளைத்த பிறகுதான் குணம் பிரிகிறது. இஞ்சி தண்ணீர் விஷயத்தில் ரொம்பக் கறார். தொட்டியில் நீர் தேங்கினால் கிழங்கழுகல் வரும், இலை மஞ்சளாகி, தண்டை லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும், அதற்கு மேல் அந்தச் செடியைக் காப்பாற்றுவது கஷ்டம். மஞ்சளுக்கும் அழுகல் உண்டு, ஆனால் சின்னச் சின்னக் கவனக்குறைவை அது இன்னும் கொஞ்சம் தாங்கும். நல்ல வெயிலிலும் நிற்கும். இஞ்சிக்கு உச்சிவெயில் பட்டால் இலை ஓரம் கருகும், அதற்குப் பாதி நிழல்தான் சுகம். ஆக உங்கள் இடத்தில் காலை வெயில் மட்டும்தான் எட்டிப்பார்க்கும் என்றால் என் சிபாரிசு மாறும், இஞ்சியே வையுங்கள்.

இஞ்சிக்குச் சாதகமான இன்னொன்று அறுவடை. மஞ்சளுக்கு இலை காய்ந்து சாயும்வரை பொறுக்க வேண்டும். இஞ்சியை அப்படி முழுக்க முற்ற விட வேண்டியதில்லை, ஐந்தாறு மாதத்திலேயே ஓரத்து மண்ணை விலக்கி ஒரு துண்டை ஒடித்து எடுத்துக்கொண்டு மண்ணை மூடிவிட்டால் மீதி வளர்ந்துகொண்டே இருக்கும். அந்த இளம் இஞ்சியில் நார் இருக்காது, தோல் சீவவும் வேண்டாம். வீட்டில் இஞ்சி வளர்ப்பதற்கு நான் ஒப்புக்கொள்கிற ஒரே பெரிய காரணம் இதுதான்.

அப்புறம் சமையலறை. பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற பொருளால் வருகிறது. காய வைத்தால் அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறும், அது இன்னும் காரமானது, சுக்கின் உறைப்பு அதனால்தான். அதாவது பச்சையும் உலர்ந்ததும் இங்கே இரண்டு தனிச் சுவைகள், ஒன்றின் இடத்தில் இன்னொன்றை அப்படியே போட முடியாது. பச்சை இஞ்சியில் புரதத்தை உடைக்கும் நொதி ஒன்றும் இருக்கிறது, பால் திரிந்துபோவது அதனால்தான். முதலில் இஞ்சியைத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டுப் பிறகு பால் சேர்த்தால் அந்தத் தொல்லை குறையும்.

பச்சை மஞ்சளில் மண்வாசனையோடு லேசான எலுமிச்சை மணம் வரும், பொடியில் அது பெரும்பாலும் போய்விடுகிறது. நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் இறங்கும். ஆகவே தாளிக்கும்போதே துருவிப் போடுங்கள். கையிலும் பலகையிலும் கறை ஏறும், அது மஞ்சளின் ஒரு குறைதான், ஆனால் துணியில் பட்ட கறை வெயிலில் போட்டால் வெளுக்கும்.

சேமிப்பில் இரண்டும் சமம். ஃப்ரீசரில் வைத்து உறைந்தபடியே துருவலாம். மஞ்சளைப் பொடியாக்க நினைத்தால் வேகவைத்துக் காய வைக்கணும், அதற்குப் பொறுமை வேண்டும், எடையும் குறைந்து நாலில் ஒரு பங்குதான் மிஞ்சும். சின்னத் தொட்டி விளைச்சலுக்கு அந்த வேலை தேவையே இல்லை, பச்சையாகவே பயன்படுத்துங்கள்.

இரண்டாவது தொட்டிக்கு இடம் கிடைத்தால் வெயில் வருகிற பக்கம் மஞ்சளை வைத்து, அதன் பின்னால் இஞ்சியை வையுங்கள். மஞ்சள் அகல இலை விட்டு ஒரு மீட்டர் உயரம் அளவுக்கு வளரும், இஞ்சிக்கு வேண்டிய நிழல் அதிலேயே கிடைத்துவிடும்.